முதலில் கன்னம், அப்புறம் தோள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வேட்டைக்குப் போகும் முன் ஷாட்கன், அதாவது ஒரு தோட்டாவிலிருந்து ரவை என்கிற சின்ன உலோக மணிகளைக் கொத்தாகச் சிதறவிடும் துப்பாக்கி, பழகுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாகச் சுடுதளத்தில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள் என்பதால், பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். எந்தப் பறவையை, எந்த மாதத்தில் சுடலாம், என்ன உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வேட்டையே குற்றமாக இருக்கும் நாடுகளும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவரும் அவருடைய அண்ணன்களும் பருவம் தவறாமல் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள். இந்த முறை நானும் வருகிறேன் என்றேன். "இயந்திரம் வானத்தில் வீசும் களிமண் தட்டுகளை ஒரு மணி நேரம் சுட்டுப் பழகு, போதும்" என்கிறார்கள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. முதல் பாடத்தில் என்ன நடக்கும்? ஒரே பாடம் போதுமா? – ஒரு வாசகி

பதில்: போதாதம்மா. நான் அப்படிப் போனவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பிற்பகல் பயிற்சி எடுத்தேன். இருபத்தைந்து தட்டில் ஏழு உடைந்தது. மூன்றாம் நாளே ஏரிக்கரையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு வாத்து வந்தது, சுட்டேன். அது விழவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, சிறகை விரித்தபடியே மிதந்து போய் நாணலுக்குள் இறங்கியது. டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் தேடினோம். கிடைக்கவில்லை. என்னை அழைத்துப் போனவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க அந்த நாணலே கண்ணில் நின்றது. அதற்குப் பிறகு ஓராண்டு நான் துப்பாக்கியைத் தொடவில்லை.

சரி, முதல் பாடத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தோட்டாவே கிடையாது. பெரும்பாலும் நடுவில் மடியும் இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் கையில் கொடுப்பேன். மடித்துத் திறந்தால் இரண்டு குழல்களிலும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். காலியா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடம் இராது. யார் கொடுத்தாலும், அவர் உங்கள் கண் முன்னாலேயே திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாலும், நீங்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி எடுத்துக்கொள்கிறவர் பக்கத்தில் நின்று சுடாதீர்கள். பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் ஒருமுறை "காலிதான், பிடியுங்கள்" என்று ஒரு துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். வாங்கித் திறந்தேன். கீழ்க்குழலில் ஒரு தோட்டா. அவர் முகம் வெளுத்துப் போனது.

அடுத்து, குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்பது. பேசும்போது, திரும்பும்போது, தோட்டா எடுக்கப் பைக்குள் கையை விடும்போது, எப்போதும் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுடக்கூடாத எதன் மேலும் அந்த வாய் ஒரு நொடிகூடப் போகக்கூடாது. விரல் விசைக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும். சுடுவது என்று முடிவு செய்த பிறகுதான் அது உள்ளே போகும். சேஃப்டி போட்டிருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். சேஃப்டி ஓர் இயந்திர உறுப்பு, தேயும், பழுதாகும். பல துப்பாக்கிகளில் அது விசையை மட்டும்தான் பூட்டுகிறது. அதை நம்பிக் குழலை யார் பக்கமும் திருப்பக்கூடாது.

இதெல்லாம் கைக்குப் பழகிய பிறகுதான் துப்பாக்கியைத் தோளில் ஏற்றக் கற்றுக்கொடுப்பேன். புதியவர்கள் எல்லோரும் துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையை முதலில் தோளில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து அதன் மேல் சாய்வார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது. கட்டை முதலில் கன்னத்துக்கு வர வேண்டும், அப்புறம் தோள் முன்னால் வந்து அதைச் சந்திக்க வேண்டும். ரைஃபிளில் முன்னும் பின்னும் குறிகள் உண்டு. ஷாட்கன்னில் குழல் நுனியில் ஒரு சின்ன மணி இருக்கும், அவ்வளவுதான். பின்குறி உங்கள் கண்ணேதான். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காராவிட்டால் பின்குறி இடம் மாறிக்கொண்டே இருக்கும். கன்னத்தை ஒரு விரல் உயரம் தூக்கினாலும் சுட்டது தட்டுக்கு மேலே போய்விடும். நிற்கும்போது உடல் எடை முன்காலில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பின்னால் சாயாதீர்கள். துப்பாக்கியின் எடை பழக்கமில்லாதவர்களுக்குச் சாயத்தான் தோன்றும்.

பிறகு முதல் தோட்டா. ஒன்றே ஒன்றுதான் போடச் சொல்வேன், இரட்டைக்குழலாக இருந்தாலும். முதல் தட்டு உங்களிடமிருந்து விலகி நேராகப் போகும் தட்டாக இருக்கும், அதுதான் இருப்பதில் எளிது. பெரும்பாலானவர்கள் ஐந்தாறு தோட்டாக்களுக்குள் ஒன்றையாவது உடைத்துவிடுகிறார்கள். ஆரஞ்சு நிறத் தட்டு வானத்தில் புகையாகச் சிதறும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே இந்த வேலையை நான் விடாமல் செய்கிறேன். முதல் நாளில் இருபத்தைந்து தோட்டா போதும், மிஞ்சினால் ஐம்பது. அதற்கு மேல் கை சோர்ந்து, தப்பான பழக்கங்கள் உள்ளே வந்துவிடும்.

ஒரு பாடத்தில் இவ்வளவுதான் முடியும். வேட்டைக்கு முன்னால் வாரம் ஒன்றாகக் குறைந்தது ஏழெட்டுப் பாடமாவது எடுங்கள். உங்கள் கணவரின் அண்ணன்களிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பாடம் முடிந்தும் ஒரு தட்டைக்கூட நான் உடைக்கவில்லை. நேராகத்தான் குறி வைக்கிறேன். எனக்கு இது வராதா? – ஒரு வாசகர்

பதில்: வரும். ஆனால் முதலில் உங்கள் கண்ணைச் சோதித்துவிடுவோம். நமக்கு இரண்டு கண்களும் சமம் இல்லை, ஒன்று தலைமை தாங்கும். கைகளை முன்னால் நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி வையுங்கள். இரண்டு கண்களையும் திறந்தபடி, தூரத்தில் உள்ள ஒரு பொருளை அந்த இடைவெளி வழியாகப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். பொருள் அங்கேயே இருந்தால் வலது கண் தலைமை. காணாமல் போனால் இடது கண்.

வலது தோளில் வைத்துச் சுடும் ஒருவருக்கு இடது கண் தலைமையாக இருந்தால், அவர் நேராகக் குறி வைப்பதாக நினைத்தாலும் குழல் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கும் அதுதான் நடந்தது. நான் சொன்ன அந்த ஏழு தட்டும் தற்செயலாக உடைந்தவைதான். ஓராண்டு கழித்து இரண்டாவது ஆசிரியரிடம் போனபோது, துப்பாக்கியைத் தொடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்தார். "இடது தோளுக்கு மாறிக்கொள்" என்றார். இரண்டு வாரம் இடது கையால் எழுதுவது மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தோளை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவர்களுக்கு அது கடினம். அவர்கள் கண்ணாடியில் தலைமைக் கண்ணின் பக்கம், குழலைப் பார்க்கும் இடத்தில், விரல்நுனி அளவு மங்கலான டேப் ஒட்டிக்கொள்ளலாம். மற்ற எல்லாம் இரண்டு கண்ணாலும் தெரியும், குழல் மட்டும் ஒரு கண்ணுக்குத் தெரியும்.

கண் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் உங்கள் சொல்லிலேயே இருக்கிறது. "குறி வைக்கிறேன்" என்கிறீர்கள். நகரும் தட்டைக் குறி வைத்தால் உடையாது. குழல் நுனி மணியைப் பார்த்த உடனே கை நின்றுவிடும், தட்டு போய்க்கொண்டே இருக்கும். பார்வை தட்டின் மேலேயே இருக்கட்டும், அதன் முன்விளிம்பில். பந்தைப் பிடிக்கும்போது யாரும் தன் கையைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்க்கிறோம்.

குறுக்காகப் போகும் இலக்கென்றால் அதன் முன்னால் சுட வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு வாத்து 30 மீட்டர் தூரத்தில் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரவை குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், காற்றில் வேகம் குறைந்து அங்கே போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் வாத்து ஒன்றரை மீட்டர் முன்னால் போயிருக்கும். இந்தக் கணக்கை வானத்தைப் பார்த்துப் போட முடியாது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே வழி. இலக்கின் பின்னாலிருந்து குழலை ஓட்டிக்கொண்டு வந்து, அதைக் கடந்து முன்னால் போகும்போது விசையை இழுங்கள். இழுத்த பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விசையை இழுத்ததும் கையை நிறுத்துகிறவர்களுக்கு ரவை எப்போதும் இலக்கின் பின்னால்தான் போகும்.

கேள்வி: பயிற்சிக்குப் பிறகு தோளும் மேற்கையும் கன்றிப்போகின்றன. ஷாட்கன் என்றால் இப்படித்தான் உதைக்குமா? – ஒரு வாசகி

பதில்: மேற்கை கன்றியிருக்கிறது என்றால் கட்டை தப்பான இடத்தில் உட்கார்கிறது. கையை முன்னால் நீட்டினால் தோள்மூட்டுக்கும் காறையெலும்புக்கும் இடையில் ஒரு குழி விழும். கட்டை அங்கேதான் உட்கார வேண்டும். இடைவெளி விடாமல் அணைத்துப் பிடியுங்கள், இடைவெளி இருந்தால் உதை அடியாக மாறிவிடும். கட்டையின் நீளம் உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்குக் கடையில் கிடைக்கும் அளவு பெரும்பாலும் பொருந்தாது. வெட்டிச் சரிசெய்ய முடியும்.

தோட்டாவையும் பாருங்கள். புதியவர்களுக்கு 21 கிராம் அல்லது 24 கிராம் ரவை உள்ள தோட்டா போதும். ஒலிம்பிக் போட்டியிலேயே 24 கிராமுக்கு மேல் அனுமதி இல்லை. இலேசான துப்பாக்கி நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தூக்க நல்லதுதான், ஆனால் ஒரே தோட்டாவுக்கு இலேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். வலியோடு சுட்டால் விசையை இழுக்கும் முன்பே உடம்பு பின்வாங்கும், கண் மூடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 12 போர், 20 போர் என்கிறார்களே, எது வாங்குவது? – ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சுடுதளத்தில் வாடகைக்குக் கிடைப்பதை ஏழெட்டுப் பாடம் வரை பயன்படுத்துங்கள். பெயரின் பொருளை மட்டும் சொல்கிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டையின் குறுக்களவுதான் 12 போர் குழலின் உள்ளளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக்கினால் 20 போர். எண் கூடினால் குழல் சிறியது.

வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழலுக்குள் போனால் கீழே விழாது, உள்ளே வழுக்கிப்போய்ச் சிக்கி நின்றுவிடும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து முன்கை போய்விடும். இதனால்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது.

கேள்வி: தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அதில் ஈயத்துக்குப் பதிலாக எஃகு ரவை போட்டுச் சுடலாமா? – ஒரு வாசகர்

பதில்: துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை அதில் எதையுமே சுடாதீர்கள். எஃகு ஈயத்தைப்போல நசுங்காது. பழைய மெல்லிய குழலையும், வாய் இறுக்கமாக உள்ள குழலையும் அது கெடுத்துவிடும். எஃகு கேட்டது சரியான கேள்விதான். நீர்நிலையில் விழும் ஈய ரவையைச் சிறு கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைக்கு நாடு முழுவதும் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஈரநிலங்களிலும் அவற்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் தடை. எஃகு ஈயத்தைவிட இலேசு என்பதால் இரண்டு அளவு பெரிய ரவையாக எடுக்க வேண்டும். ரவையில் எண் குறைந்தால் மணி பெரியது. ஈயத்தில் சுட்டீர்களானால் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: ஸ்கீட் என்கிற தட்டு சுடும் பயிற்சியில் இருபத்தைந்துக்குப் பதினெட்டு உடைக்கிறேன். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு எல்லாம் வைத்திருக்கிறேன். இனி வேட்டைக்குப் போகலாமா? – ஒரு வாசகர்

பதில்: பதினெட்டு நல்ல எண்ணிக்கை. ஸ்கீட் பிறந்ததே வேட்டைக்காரர்களால்தான். 1920-களில் அமெரிக்காவின் ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்ற பறவை வேட்டைக்காரரும் நண்பர்களும், வேட்டையில்லாத மாதங்களில் பழகுவதற்காக ஒரு வட்டத்தைக் கடிகாரம் போலப் பிரித்து, ஒவ்வோர் எண்ணிலும் நின்று தட்டு சுட்டார்கள். பக்கத்து நிலத்தில் கோழிப்பண்ணை வந்த பிறகு அந்தப் பக்கம் சுட முடியாமல் வட்டத்தைப் பாதியாக்கினார்கள். இன்றும் அது அரைவட்டம்தான்.

ஆனால் தட்டும் பறவையும் ஒன்றில்லை. தட்டு இயந்திரத்தை விட்டுக் கிளம்பும்போதுதான் அதிவேகம், பிறகு குறைந்துகொண்டே போகும். எழும் பறவைக்கு வேகம் கூடிக்கொண்டே போகும். தட்டை நீங்கள் கூப்பிட்டு வரவழைக்கிறீர்கள், பறவை தானாக வரும். சுடுதளத்தில் சட்டையோடு நிற்கிறீர்கள், ஏரியில் தடித்த கோட்டு போட்டு, சேற்றில் பாதி உட்கார்ந்திருப்பீர்கள், கட்டை கோட்டில் மாட்டும். கடைசி இரண்டு பாடத்தை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே எடுங்கள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு தட்டைக் கூப்பிடாதீர்கள், இடுப்பளவில் பிடித்திருந்து, தட்டைப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

தட்டில் ஒரு ரவை பட்டுச் சில்லு தெறித்தாலும் ஒன்று என்று கணக்கு எழுதுகிறோம். பறவைக்கு அது காயம். ஸ்கீட் தட்டுகள் இருபது மீட்டரைச் சுற்றித்தான் பறக்கின்றன. நாற்பது மீட்டரில் என்ன ஆகும் என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான தாளை 36 மீட்டர் தூரத்தில் கட்டி, வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவால் சுடுங்கள். ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ணுங்கள். குழல் வாயின் இறுக்கத்தைச் சோக் என்பார்கள். இறுக்கமான ஃபுல் சோக்கில் நூற்றுக்கு எழுபது ரவை வட்டத்துக்குள் விழும், தளர்ந்த இம்ப்ரூவ்டு சிலிண்டரில் ஐம்பதுதான். ஓட்டைகளுக்கு நடுவே ஒரு வாத்தே நுழைந்து போகும் அளவுக்கு வெற்றிடம் தெரிந்தால், தாளைக் கிட்டத்தில் கட்டி மறுபடி சுடுங்கள். வெற்றிடம் மறையும் தூரம்தான் உங்கள் எல்லை. என் எல்லை 30 மீட்டர். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைத் தாண்டி நான் சுடுவதில்லை.

கண்ணால் தூரத்தைக் கணிப்பது ஏரியில் மிகவும் கடினம். பறவைகளை ஈர்க்கத் தண்ணீரில் விடும் பொம்மை வாத்துகளில் கடைசியை உங்கள் எல்லையில் மிதக்கவிடுங்கள். அதற்கு அப்பால் வரும் பறவை உங்களுடையது இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தால் ஆளுக்கு எந்தப் பக்கம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், பொதுவாக நேர் முன்னால் சுமார் 45 பாகை. தாழ்ந்து பறப்பதைச் சுட வேண்டாம், நாயும் ஆளும் அந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள். சின்ன ரவைகூடச் சுமார் 200 மீட்டர் தாண்டி விழும். வேலியையோ வாய்க்காலையோ கடக்கும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள். குழல் வாய் சேற்றில் பட்டால் காலி செய்து, உள்ளே பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா, அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடம் காத்திருந்து திறங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு ஒன்று கேட்பேன். முதல் சில நாள் துப்பாக்கியில்லாமல் போங்கள். மறைவிடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு பறவைக்கும் "இதைச் சுடுவேன்", "இதை விடுவேன்" என்று மனத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். எந்த இனம், எவ்வளவு தூரம், பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஓராண்டுக்குப் பிறகு நான் திரும்பிப் போனபோது மூன்று காலை இப்படி வெறுங்கையோடு உட்கார்ந்தேன். முதல் காலையில் நான் "சுடுவேன்" என்று சொன்னதில் பாதிக்கு மேல் என் எல்லைக்கு வெளியே பறந்தவை. நான்காம் காலை துப்பாக்கியோடு போனேன். பதினொரு பறவைகள் வந்தன. பத்தை விட்டுவிட்டு ஒன்றைச் சுட்டேன். கடைசிப் பொம்மைக்கு இந்தப் பக்கம், திறந்த தண்ணீரில் அசையாமல் விழுந்தது. இருபது அடி நடந்து போய்க் கையில் எடுத்தேன்.